கொழும்பில் பழைய டெஸ்க்டொப்புக்கு ராம்: குறைந்த காசில் எதை வாங்குவது?

டெஸ்க்டொப்புக்கு ராம் கூட்டுவது முன்பெல்லாம் பெரிதாக யோசிக்க வேண்டிய வேலை இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு கடை ஏறி இறங்கி, விலை குறைந்த இடத்தில் ஒரு ஸ்டிக் வாங்கி, வீட்டுக்கு வந்து செருகினால் முடிந்தது. 2025 இன் கடைசி மாதங்களில் அந்த நிலைமை மாறிவிட்டது. உலகத்து ராம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று நிறுவனங்கள்தான். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் கணக்கில்லாமல் ராம் கேட்கவே, மூன்றும் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் சரக்கு குறைந்தது, விலை ஏறியது. மைக்ரோன் இன்னும் ஒரு படி போய், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) விற்ற வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இங்கே அதற்கு மேல் டொலர் விலையும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிவிட்ட வற் வரியும் சேர்ந்துகொள்கின்றன.

ரூபாய்க் கணக்கை நான் எழுதப் போவதில்லை. வாரத்துக்கு வாரம் மாறும் விலையை எழுதிவைத்தால் அது வாசிப்பவர் கடைக்காரரோடு சண்டை பிடிக்கத்தான் உதவும். எது எதைவிட மலிவு, எதற்குக் கூடக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்பவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அவற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றி விற்காதீர்கள். அதே தலைமுறை, அதே அளவில் பாவித்த ஸ்டிக் ஒன்றைத் தேடி, காலியாக இருக்கும் ஸ்லொட்டில் போடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இன்றைக்கு இதுதான் சரி. பொருந்தாத மெஷின்களும் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

முதலில் ராம்தான் குறையா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றதும் "ராம் போடு" என்று சொல்லாத ஆளே இல்லை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தெரிவு செய்து, அப்படியே விட்டுவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். குரோமில் எப்போதும் திறக்கும் டேப்கள், பிள்ளையின் ஸூம் வகுப்பு, எக்செல், ஃபோட்டோஷொப், எதுவோ அது. வேலை உச்சத்தில் இருக்கும்போதும் 60, 70 சதவீதத்தில் நின்றால் ராமுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். 90 ஐத் தொட்டுக்கொண்டு நின்று, ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் திரை உறைந்தால் குறை ராமில்தான்.

பக்கத்தில் டிஸ்க் என்ற வரியையும் பாருங்கள். கம்ப்யூட்டர் போட்டுப் பத்து நிமிடம் ஆன பிறகும் அது 100 சதவீதத்தில் நிற்கிறது, விண்டோஸ் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் என்றால், 8 ஜிபி உள்ள மெஷினுக்கு முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று அந்த மெஷினுக்குத் தரும் வித்தியாசத்தை இன்னொரு 8 ஜிபி ராம் தராது. 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்த மெஷினுக்கு இரண்டுமே தேவை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அப்போதும் எஸ்எஸ்டி முதல், சம்பளம் வந்ததும் ராம். ராம் நிரம்பிய பிறகு விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில்தான் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க் வேகமாக இருந்தால் காத்திருப்பு பாதியாவது குறையும்.

இன்னொரு சின்னச் சோதனை. பழைய மெஷின் சிலவற்றில் யாரோ எப்போதோ 32-பிட் விண்டோஸ் போட்டு விட்டிருப்பார்கள். வீட்டில் பாவிக்கும் 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, அதிலும் கையில் கிடைப்பது மூன்று, மூன்றரைதான். அந்த மெஷினில் 16 ஜிபி செருகினாலும் பிரயோசனம் இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் 32 ஆ 64 ஆ என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு வேண்டும் என்பதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. விண்டோஸ் 11 க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. விண்டோஸ் திறக்க அது போதும், நாம் வேலை செய்யப் போதாது. கடிதம் டைப் பண்ண, கணக்கு எழுத, ஏ.எல். பிள்ளை ஒன்லைன் வகுப்புப் பார்க்க 8 ஜிபி போதும், கொஞ்சம் கஞ்சத்தனமாக டேப் திறந்தால். ஃபோட்டோஷொப்புக்கு அடோபியே 16 ஜிபி இருந்தால் நல்லது என்கிறது. ஃபிளெக்ஸ் பேனர், கல்யாண அழைப்பிதழ் அடிக்கிறவர்களும் புரோகிராமிங் படிக்கிற பிள்ளைகளும் அதையே இலக்காக வைக்கலாம். பிரீமியரில் 4கே வீடியோ வெட்டுகிறவர்களுக்கு 32. பொழுதுபோக்குக்காக 32 ஜிபி போடுவது விலை குறைந்திருந்த காலத்து ஆசை.

எது பொருந்தும்?

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்3 இல் 240 பின், மற்ற இரண்டிலும் 288 பின், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில். 288 தானே என்று டிடிஆர்4 ஸ்லொட்டில் டிடிஆர்5 ஐ அழுத்தினால் உடைவது மதர்போர்ட்.

கொழும்பில் பாவித்த டெஸ்க்டொப் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள்தான். இன்டெல் 2, 3, 4 ஆம் தலைமுறை ப்ரோசஸர் என்றால் டிடிஆர்3. 8, 9, 10 என்றால் டிடிஆர்4. 12 இலிருந்து 14 வரை மதர்போர்டைப் பொறுத்து 4 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசை வரை டிடிஆர்4, ஏஎம்5 சொக்கெட் உள்ள மதர்போர்டுகள் எல்லாம் டிடிஆர்5.

நடுவில் இருக்கும் 6, 7 ஆம் தலைமுறைகளில்தான் பொறி. அந்த ப்ரோசஸர்கள் டிடிஆர்4 ஐயும் ஏற்கும், 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ஐயும் ஏற்கும். ஒப்டிபிளெக்ஸ் 3040 உம் 5040 உம் 6 ஆம் தலைமுறைதான், ஆனால் அவற்றில் இருப்பது டிடிஆர்3எல். அதே வருடத்து 7040 இல் டிடிஆர்4. "சிக்ஸ்த் ஜென் தானே, டிடிஆர்4 எடுங்கோ" என்று கடையில் யாராவது சொன்னால் நம்பிவிடாமல், உள்ளே இருக்கும் ஸ்டிக்கின் லேபிளைப் படம் எடுத்துக் காட்டுங்கள். பிசி3எல்-12800 என்றிருந்தால் டிடிஆர்3எல், வேகம் 1600. பிசி4-19200 என்றால் டிடிஆர்4 2400, 21300 என்றால் 2666, 25600 என்றால் 3200.

பெட்டி சின்னதாக, புத்தகம் போல இருந்தால் இன்னொரு விஷயம். ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி, எச்பி மினி, திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஓல்-இன்-வன், இவற்றில் போவது லெப்டொப் ராம், அதாவது நீளம் குறைந்த சோடிம். டாஸ்க் மனேஜரின் மெமரிப் பக்கத்தில் ஃபோர்ம் ஃபெக்டர் என்ற வரி இதைச் சொல்லும். எத்தனை ஸ்லொட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கிறது. கேசிங்கைத் திறக்காமலே பாதித் தகவல் கையில்.

உச்ச அளவையும் பார்த்துவிடுங்கள். எச்61, எச்81 வகை மதர்போர்டுகளில் இரண்டு ஸ்லொட்டுக்கும் சேர்த்து 16 ஜிபிக்கு மேல் ஏறாது. அதில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைச் செருகிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

ஒன்றைச் சேர்ப்பதா, சோடியாக வாங்குவதா, ஒரே 16 ஆ?

8 ஜிபி ஒற்றை ஸ்டிக்கோடு இருக்கும் மெஷினை 16 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் 8 க்குப் பக்கத்தில் இன்னொரு 8. அல்லது பழையதை விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் வரும் 8+8 கிட். அல்லது 16 ஜிபி ஒற்றை ஸ்டிக், பிறகு எப்போதாவது இன்னொரு 16.

கிட் விற்பவர்களின் வாதம் இது: இரண்டும் சேர்த்துச் சோதித்தவை, சண்டை வராது. உண்மைதான். ஆனால் வெவ்வேறு பிராண்ட் ஸ்டிக்குகள் சேர்ந்து ஓடாது என்பது மிகையான பயம். சாதாரண வேகத்தில் ஓடும் டிடிஆர்3, டிடிஆர்4 ஸ்டிக்குகள் கலந்தாலும் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு மற்றது இறங்கிவரும், அவ்வளவுதான். 2400 உம் 3200 உம் சேர்ந்தால் இரண்டும் 2400 இல் ஓடும். கலப்பில் உண்மையான தொல்லை வருவது எக்ஸ்எம்பி (பெட்டியில் எழுதிய வேகத்தில் ராமை ஓடவைக்கும் அமைப்பு) போட்டு வேகம் கூட்டும்போதும், டிடிஆர்5 இலும். அந்த இரண்டிலும் கிட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வந்த ஒப்டிபிளெக்ஸுக்குக் கிட் தேடுவது தேவையில்லாத ஆடம்பரம்.

காசுக் கணக்கிலும் முதல் வழிதான் வெல்லும். கிட் வாங்கினால் 16 ஜிபிக்கும் காசு கொடுக்கிறீர்கள், பழைய 8 ஐ விற்றுக் கிடைப்பது கடைக்காரர் மனது வைத்துக் கொடுப்பது. முதல் வழியில் 8 க்கு மட்டும்தான் செலவு.

ஒற்றை 16 ஐப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் கவர்ச்சி நாளைக்கு 32 ஆக்கலாம் என்பதில் இருக்கிறது. இரண்டே ஸ்லொட் உள்ள போர்டில் 8+8 போட்டால் வழி அடைபட்டுவிடும், அதுவும் சரி. ஆனால் ஸ்டிக் ஒன்றுதான் என்றால் ப்ரோசஸருக்கும் ராமுக்கும் இடையில் ஒரு சனல், அதாவது தரவு போகும் ஒரு பாதைதான் வேலை செய்யும். டிடிஆர்4 3200 இல் ஒரு சனல் விநாடிக்கு 25.6 கிகாபைட் கடத்தும், இரண்டு சனல் என்றால் 51.2. வேர்ட், எக்செல், பிரவுசர் எதிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கும் மெஷினில் ஓரளவு தெரியும். ப்ரோசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் மெஷினில், குறிப்பாக ரைசன் 3 3200ஜி, ரைசன் 5 5600ஜி போன்றவற்றில், இது பெரிய விஷயம். அந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, உங்கள் ராமைத்தான் அதுவும் குடிக்கிறது. 5600ஜி வைத்துக்கொண்டு ஒற்றை ஸ்டிக்கில் கேம் விளையாடுகிற தம்பிமார் வேகம் போதவில்லை என்று கிராஃபிக்ஸ் கார்ட் விலை விசாரிக்கிறார்கள். முதலில் இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டுப் பாருங்கள், காசு மிஞ்சலாம்.

ஆகவே கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் மெஷினுக்கு 8+8. நாளைக்கு நிச்சயமாக 32 தேவைப்படும் வீடியோ வேலைக்காரருக்கு, அதுவும் தனி கார்ட் இருந்தால், ஒற்றை 16. இப்போது இருக்கும் 8 ஐக் கழற்றாமல் 16 ஐப் பக்கத்தில் போட்டு 24 ஆக்குவதும் நல்ல வழிதான். அளவு ஒவ்வாவிட்டால் சனல் முழுக்க ஒற்றையாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் 8+8 இரண்டு சனலில் ஓடும், மிச்ச 8 மட்டும் ஒற்றைச் சனலில். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மோட் என்று பெயர் வைத்திருக்கிறது. 4 க்குப் பக்கத்தில் 8 போட்டு 12 ஆக்குவதும் இதே கதைதான், பழைய மெஷினுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

வேகத்துக்குக் காசு கொடுக்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பெட்டியில் 3600 என்று எழுதியிருப்பதெல்லாம் உங்கள் மெஷினில் 3600 ஆக ஓடாது. இன்டெல் ஐ5-10400 ப்ரோசஸர் அதிகாரபூர்வமாக ஏற்பது 2666. எச்410, பி460, எச்510 போர்டில் அதைப் போட்டால் 3200 ஸ்டிக்கும் 2666 இல்தான் ஓடும். ஐ5-6500 என்றால் 2133. இப்படிப்பட்ட மெஷினுக்கு 3200 புதியதைவிடப் பாவித்த 2400, 2666 மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ரைசன் 5600ஜி மட்டும் விதிவிலக்கு, அதற்கு 3200 எடுத்துக் கொடுங்கள். ராம் பதில் தரும்வரை எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் சிஎல் எண்ணையும் ஒரு பார்வை பார்க்கலாம். 3200 சிஎல்16 இல் காத்திருப்பு 10 நானோ விநாடி, சிஎல்22 இல் 13.75. விலை ஒன்றென்றால் 16. விலை ஏறினால் 22 ஏ போதும். சிஎல்16 வேகம் கிடைக்க பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியைப் போட்டுவிட வேண்டும், போடாவிட்டால் கூடக் கொடுத்த காசு பெட்டியோடு போயிற்று.

வண்ண விளக்கு எரியும் ராமைப் பற்றி ஒரு வரி: அந்தக் காசுக்கு நல்ல கீபோர்ட் வாங்கலாம். மேலே அலுமினியக் கவசம் போட்ட ஸ்டிக்குகளும் சாதாரண வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு அழகுக்கு மட்டும்தான். இன்னொன்று, கவசம் சிப்களை மறைத்துவிடும். பாவித்தது வாங்கும்போது நான் கவசம் இல்லாததைத்தான் விரும்புவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். டிடிஆர்4 8 ஜிபி ஸ்டிக்கில் எட்டு சிப்புக்குப் பதிலாக நான்கு பெரிய சிப் மட்டும் இருந்தால், லேபிளில் 1ஆர்எக்ஸ்16 என்றிருக்கும், அது எட்டுச் சிப் உள்ளதைவிடச் சற்று மெதுவானது. தவிர்க்க வேண்டிய பொருள் இல்லை, விலை பேச ஒரு காரணம்.

பாவித்ததா, புதியதா?

ராம் தேயும் பொருள் அல்ல. ஹார்ட் டிஸ்க் போலச் சுழலும் பாகம் இல்லை, எஸ்எஸ்டி போல எழுத எழுத ஆயுள் குறைவதும் இல்லை. நல்லபடி ஓடிக்கொண்டிருந்த அலுவலக மெஷினிலிருந்து கழற்றிய சாம்சுங் அல்லது ஹைனிக்ஸ் ஸ்டிக் இன்னும் பல வருடம் ஓடும். அதனால்தான் பாவித்த ராமை நான் கூசாமல் சிபாரிசு செய்கிறேன். பாவித்த எஸ்எஸ்டியையோ பவர் சப்ளையையோ அப்படிச் செய்ய மாட்டேன். பெயர் தெரியாத பிராண்டின் புதிய ஸ்டிக்கைவிட, சிப் செய்தவரே ஸ்டிக்கும் செய்த சாம்சுங் பச்சைப் பலகை எனக்கு மேல். கிங்ஸ்டன், கோர்செயர், அடாட்டா, டீம் போன்றவை நல்ல பெயர்கள்தான். அவை சிப் செய்வதில்லை, வாங்கிப் பொருத்துகின்றன.

எங்கே தேடுவது? யூனிட்டி பிளாசாவின் பெரிய கடைகளில் புதியது கிடைக்கும், பில்லும் வரண்டியும் ஒழுங்காக இருக்கும். பாவித்த மெஷின் இறக்கி விற்கும் கடைகளில் கழற்றிய ராம் தட்டு நிறைய இருக்கும், கேட்டால் எடுத்துப் போடுவார்கள். இக்மன் விளம்பரத் தளத்தில் தனி ஆட்கள் விற்பது விலையில் இன்னும் இறங்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக் சாமான்கள் குவிந்திருந்தாலும் ராமுக்காக அங்கே அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதியது வாங்கினால் காசின் ஒரு பகுதி வரண்டிக்குத்தான் போகிறது. அது யாருடைய வரண்டி என்று கேளுங்கள். இறக்குமதி செய்யும் ஏஜென்ட் கொடுப்பதா, கடை தானே கொடுப்பதா? கடை மூடினால் இரண்டாவது வகை வரண்டியும் மூடிவிடும். ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் வரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். கார்டில் கட்டினால் ஒரு விலை, கையில் காசு கொடுத்தால் ஒரு விலை என்பது தெரிந்ததே. சொல்லும் விலையில் வற் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதோடு கேட்டுவிடலாம். பல கடைகளுக்கு ஒரே நாள் காலையில் வாட்ஸப்பில் லேபிள் படத்தை அனுப்பி விலை கேட்பது நல்லது. நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிட்டுப் பலனில்லை.

பாவித்தது என்றால் ஒரு கிழமையாவது மாற்றிக் கொடுக்கும் பேச்சை வாங்கி, பில்லில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் டவரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். கடையிலேயே செருகி, விண்டோஸ் திறந்து, டாஸ்க் மனேஜரில் முழு அளவும் தெரிகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுப்பதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம். இக்மனில் வாங்குகிறவர்கள் விற்பவரின் மெஷினில் அது ஓடுவதைப் பார்க்கக் கேட்கலாம். மறுத்தால் வேறு விளம்பரம் பாருங்கள்.

மலிவு என்று பாய்ந்து வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று சேர்வர் ராம். ரெஜிஸ்டர்ட் ஈசிசி ஸ்டிக்குகள் அளவில் பெரிதாக, விலையில் சிறிதாக வரும், பின் எண்ணிக்கையும் ஒன்றுதான், ஆனால் சாதாரண டெஸ்க்டொப் போர்டில் கம்ப்யூட்டர் எழும்பவே எழும்பாது. டிடிஆர்4 லேபிளில் பிசி4-2400டி என்பதற்குப் பிறகு கோடு போட்டு வரும் எழுத்தைப் பாருங்கள். யூ என்றால் டெஸ்க்டொப், எஸ் என்றால் லெப்டொப், ஆர் என்றால் சேர்வர். இரண்டாவது, ஏஎம்டிக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டு ஒன்லைனில் விற்கும் 8 ஜிபி டிடிஆர்3. இன்டெல் போர்டில் அது வேலை செய்யாது.

டிடிஆர்3 மெஷினுக்குக் காசு போடலாமா?

இங்கேதான் என் பொது ஆலோசனை கொஞ்சம் தடுமாறும். 4 ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. கொழும்பில் பல வீடுகளில் இன்னும் இதுதான் நிலைமை. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கூடுதலாகக் கொடுக்கும் பாதுகாப்பு அப்டேட்டும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 இன்டெல் 8 ஆம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. ஆகவே அந்த மெஷினில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வயதான உடம்புக்குப் போடும் ரூபாய்.

அதற்காகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாவித்த டிடிஆர்3 4 ஜிபி ஒன்று மலிவாகக் கிடைத்தால் 8 ஆக்கி, எஸ்எஸ்டியும் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பிரவுசரும் லிப்ரே ஒஃபிஸும் நன்றாகவே ஓடும். எஸ்எஸ்டியைப் பிறகு புதிய மெஷினுக்குக் கழற்றிக்கொண்டு போகலாம், டிடிஆர்3 ராமைக் கொண்டுபோக முடியாது. அதனால் புதிய டிடிஆர்3 க்கு முழு விலை கொடுத்து 16 ஜிபி ஆக்குவதை நான் எதிர்ப்பேன். ஃபோட்டோஷொப் வேலைக்கு 16 தேவை என்றால் அந்தக் காசை ஒதுக்கிவைத்து, பழையதை விற்று, 8 ஆம் தலைமுறைப் பாவித்த மெஷின் ஒன்றுக்கு மாறுங்கள். வாங்கும்போது ராம் கூடப் போட்ட மெஷினாகவே பேசுங்கள். தனியாக ராம் விலை ஏறியிருக்கும் காலத்தில், முழு மெஷினோடு சேர்ந்து வரும் ராம் பல நேரம் மலிவாக விழும். இரண்டு விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்து 8 ஜிபி மெஷினுக்கும் 16 ஜிபி மெஷினுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பாருங்கள். அது தனி ஸ்டிக் விலையைவிடக் குறைவென்றால் முடிவு தானாக வந்துவிடும்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்கள் குறைந்த காசுக்காரர்களாக இருந்தால், பாவம், அவர்களுக்குத்தான் இப்போது அடி. பாவித்த சந்தையில் சரக்குக் குறைவு. 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கோடு இருக்கிறவர்கள் அவசரம் இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் ஸ்டிக்கின் அதே மொடல் எண்ணைத் தேடுங்கள், சிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கம் அந்த எண்ணைக் காட்டும். நான்கு ஸ்லொட்டையும் நிரப்பினால் டிடிஆர்5 இன் வேகம் நன்றாக இறங்கும் என்பதால் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

போடும்போது

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டைப் போக்கிவிட்டு, கேசிங்கின் இரும்பைத் தொட்ட பிறகு ஸ்டிக்கை விளிம்பில் பிடியுங்கள். நான்கு ஸ்லொட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் பெரும்பாலும் ப்ரோசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். ஒப்டிபிளெக்ஸ் போன்றவற்றில் வெள்ளைக் கிளிப் உள்ள இரண்டும் முதலில். இரண்டு பக்கமும் க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும், பயந்து பாதியில் விடுவதால்தான் பல மெஷின்கள் எழும்பாமல் பீப் அடிக்கின்றன.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பழைய ஸ்டிக்கையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் தங்கநிறப் பின்கள் மங்கிப்போய் இருக்கும். வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டால் போதும். புது ராம் வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுதான். டிடிஆர்5 மெஷின் முதல் தடவை போடும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கிக்கொள்கிறது, பட்டனை அழுத்தி நிறுத்திவிடாதீர்கள்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக வேலை முடியவில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை யூஎஸ்பி பென் ஒன்றில் ஏற்றி, இரவு படுக்கப் போகும் முன் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுத் தரும், அது போதும். காலையில் பிழை பூச்சியம் என்று காட்ட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகப் போட்டு எது என்று கண்டுபிடியுங்கள், பழையதாகவும் இருக்கலாம். புதிதாக வாங்கியதுதான் என்றால், மாற்றித் தருவதாக எழுதி வாங்கிய அந்த ஒரு கிழமைக்குள், பில்லோடும் பிழை காட்டிய திரையின் படத்தோடும் கடைக்குப் போங்கள். "ஒரு எரர் தானே, பரவாயில்லை அண்ணா, பாவியுங்கோ" என்பார்கள். ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போவது அந்த ஒரு எரரால்தான், மாற்றிக்கொண்டே வாருங்கள்.